மின்னால் தெளியும் நீர்

முன்னுரை

நீரைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பலவாகும். நன்னீர், தெண்ணீர், உவர்நீர், கழிநீர், முந்நீர் எனத் தன்மைக்கும் இடத்திற்கும் ஏற்ப நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டு வழங்கினர். சங்கரன்கோவில் வட்டாரத்து இல்லங்களில் இன்றும் 'நல்ல தண்ணீர்' என ஒன்றும், 'உப்புத் தண்ணீர்' என ஒன்றும் தனித்தனியே பிடித்து வைக்கப்படுகின்றன. முன்னது குடிக்கவும் சமைக்கவும் ஆவது. பின்னது குளிக்கவும் துவைக்கவும் ஆவது. ஏடு தொட்டறியாத மூதாட்டியும் நாவில் ஒரு துளி பட்ட அளவிலேயே இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லிவிடுவார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெளிந்திருக்கும். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் பேச்சு வழக்கே அறிந்து வைத்திருக்கிறது.

இவ்வழக்கைச் சற்று விரித்து நோக்கினால் தெளிந்த நீர், தூய நீர், நல்ல நீர் என மூவகை புலப்படும். கலங்கல் நீங்கியது தெளிந்த நீர். நுண்ணுயிரும் நச்சுப் பொருளும் நீங்கியது தூய நீர். அவற்றோடு கரைந்த உப்பும் அளவில் அமைந்து, குடிப்பதற்குத் தக்கதாய் நிற்பது நல்ல நீர். மின்சாரத்தைக் கருவியாகக் கொண்டு இம்மூன்று நிலைகளையும் எய்துவதற்கு மின்வேதியியல் வகுத்துள்ள வழிகள் யாவை, அவற்றால் இயல்வதும் இயலாததும் யாவை, முடிவில் எஞ்சி நிற்பது யாது என்பனவற்றை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ்த்துறை மலரில் மின்வேதியியலுக்கு இடமேது எனச் சிலர் வினவலாம். 1949-ஆம் ஆண்டிலேயே கோவையினின்று 'கலைக்கதிர்' என்னும் அறிவியல் திங்களிதழ் தமிழில் வெளிவரத் தொடங்கிவிட்டது. அறிவியலைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது பொருளும் தெளிவுறுகிறது. சொல்லின் ஆற்றலும் புலனாகிறது. தமிழ் பயிலும் மாணவர்க்கு இரண்டும் வேண்டுவனவே.

காரைக்குடியில் ஒரு கலைக்கூடம்

மின்வேதியியல் என்பது மேலைநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. இத்துறைக்கென நடுவண் அரசு நிறுவிய ஆய்வு நிறுவனம் நம் தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில் அமைந்துள்ளது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் என்பது அதன் பெயர். கொடைவள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-ஆம் ஆண்டு சூலை 25-ஆம் நாள் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, அப்போது குடியரசுத் துணைத்தலைவராக விளங்கிய டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். ஒரு தனிமனிதரின் கொடை, நீர் வளம் குன்றிய ஒரு பகுதிக்கு நாடறிந்த ஆய்வு நிறுவனத்தைக் கொணர்ந்தது. கல்விக்குக் கொடை வழங்கும் நம் சமுதாயப் பெரியோர் கருத்திற்கொள்ளத் தக்க செய்தி இது.

துருப்பிடித்தலைத் தடுத்தல், மின்கலங்கள், மின்முலாம் பூசுதல் ஆகியவற்றோடு கழிவுநீரை மின்சாரத்தால் தூய்மை செய்தலும் அந்நிறுவனத்தார் ஆராயும் பொருள்களுள் ஒன்றாகும். குசராத்து மாநிலம் பாவ்நகரில் 1954-இல் தொடங்கப்பெற்ற மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் உவர்நீரை நன்னீராக்கும் சவ்வுகளை நம் நாட்டிலேயே உருவாக்கியது. இவ்விரண்டு பெயர்களையும் மாணவர் நினைவிற்கொள்ளுதல் நலம்.

சொல்லும் பொருளும்

'மின்னாற்பகுப்பு' என்னும் கலைச்சொல்லைப் பிரித்து நோக்குவோம். மின் + ஆல் + பகுப்பு எனப் பிரியும். 'ஆல்' என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. ஈண்டு கருவிப் பொருளில் வந்தது. மின்சாரம் கருவி, பகுத்தல் தொழில். சொல்லைப் பிரித்த அளவிலேயே வரையறை கிடைத்துவிடுகிறது. நல்ல கலைச்சொல்லின் இலக்கணம் இதுவேயாகும்.

உப்பு நீரில் கரையும்போது தன் உருவை இழந்து இரு கூறாகிறது. சமையல் உப்பில் சோடியம் நேர்மின்னூட்டமும், குளோரின் எதிர்மின்னூட்டமும் பெற்றுத் தனித்தனியே நீரில் திரிகின்றன. இவ்வாறு மின்னூட்டம் பெற்றுத் திரியும் துகளை அயனி என்கிறோம். மைக்கேல் பாரடே 1834-இல் வழக்கிற்குக் கொணர்ந்த இச்சொல்லுக்குக் கிரேக்க மொழியில் 'செல்வது' என்பது பொருள். நீரினுள் இரு தகடுகளை அமிழ்த்தி, ஒன்றை மின்கலத்தின் நேர்முனையோடும் மற்றொன்றை எதிர்முனையோடும் இணைத்தால் அயனிகள் செல்லத் தொடங்கும். நேர்மின்னூட்டம் உடையவை எதிர்மின்வாயை நாடும்; எதிர்மின்னூட்டம் உடையவை நேர்மின்வாயை நாடும். இச்செலவே கீழே கூறப்படும் முறைகள் அனைத்திற்கும் அடிப்படையாகும்.

எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு பொருள் மாறும் என்பதற்கும் பாரடே கணக்கு வகுத்தார். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாயுமாயின், அலுமினியத் தகட்டிலிருந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கிராம் கரையும். இரும்புத் தகடாயின் ஏறத்தாழ ஒரு கிராம் கரையும். இக்கணக்கு பின்னர் நமக்குப் பயன்படும்.

தெளிவு: மின்திரட்டல்

ஆற்றுநீர் செங்கலங்கலாக வரும் காலத்தில் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து நீரைத் தெளியவைத்தல் நம் நாட்டுப் பழைய வழக்கம். பின்னாளில் படிகாரம் அவ்விடத்தைப் பெற்றது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்குமாதலின் அவை ஒன்றுசேராமல் மிதந்துகொண்டே இருக்கும். படிகாரத்தில் உள்ள அலுமினியம் அவ்விலக்கத்தைத் தணிக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் படிகின்றன.

மின்திரட்டல் முறையில் படிகாரம் கலப்பதில்லை. அலுமினியத் தகட்டையோ இரும்புத் தகட்டையோ நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்துவர். தகடே சிறிது சிறிதாகக் கரைந்து, படிகாரம் செய்யும் பணியைச் செய்யும். எதிர்மின்வாயில் எழும் ஐட்ரசன் குமிழிகள் இலேசான அழுக்கை மேலே நுரையாகத் தூக்கிவரும். மேலே மிதப்பதை வழித்தெடுத்து, கீழே படிந்ததை வடித்தெடுத்தால் நடுவே தெளிந்த நீர் நிற்கும். நீரில் கலந்த எண்ணெய், சாயத்தின் ஒரு பகுதி, சில உலோக நச்சுகள், ஓரளவு புளோரைடு ஆகியன இம்முறையில் நீங்கும். இது புதுமையான கருத்தும் அன்று. 1889-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரில் கழிவுநீரோடு கடல்நீரைக் கலந்து மின்சாரம் செலுத்தித் தூய்மை செய்யும் நிலையம் அமைக்கப்பட்டது.

இம்முறையை நம்முள் பலர் தம்மை அறியாமலே கண்டிருக்கக்கூடும். வீடுதோறும் வந்து நீர் சுத்திகரிக்கும் கருவி விற்போர் சிலர் ஒரு வித்தை காட்டுவர். இரு கண்ணாடிக் குவளைகளில் ஒன்றில் குழாய் நீரையும் மற்றொன்றில் தம் கருவியின் நீரையும் ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவர். சிறிது நேரத்தில் குழாய் நீர் பழுப்பாகவும் கரும்பச்சையாகவும் திரிந்து அருவருப்பூட்டும். கருவியின் நீரோ மாறாமல் நிற்கும். "இத்தனை அழுக்கையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று வினவி விற்பனையை முடித்துக்கொள்வர்.

மேலே கூறிய பாரடே கணக்கை அறிந்தவர் இதற்கு மயங்கார். அக்கம்பிகளுள் ஒன்று இரும்பு. குழாய் நீரில் இயல்பாகவே உப்புகள் கரைந்திருத்தலின் மின்சாரம் பாய்கிறது. இரும்புக் கம்பி கரைந்து நிறமுள்ள கசடாகத் திரள்கிறது. குவளையில் தோன்றிய அழுக்கு நீரில் இருந்ததன்று; கம்பியிலிருந்து வந்தது. கருவியின் நீரில் அயனிகள் மிகக் குறைவாதலின் மின்சாரம் பாய்வதில்லை. ஆகவே ஒன்றும் நிகழ்வதில்லை. அந்நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லி, மீண்டும் அவ்வித்தையைக் காட்டுமாறு கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். மின்வேதியியலின் ஒரு பாடம் அறிந்திருந்தால் ஓர் எளிய குடும்பத்தின் பல ஆயிரம் ரூபாய் மிஞ்சும்.

மின்திரட்டலின் எல்லையையும் உணர்தல் வேண்டும். அது தருவது தெளிவு மட்டுமே. கரைந்த சமையல் உப்பு அதனால் நீங்குவதில்லை. உப்புக் கிணற்று நீரை எத்தனை முறை மின்திரட்டல் செய்தாலும் அது உப்பு நீராகவே இருக்கும்.

தூய்மை: மின்னால் எரித்தல்

இரண்டாம் முறையில் தகடு கரையாது. டைட்டானியத்தின் மேல் உலோக ஆக்சைடு பூசிய கரையா நேர்மின்வாயைப் பயன்படுத்துவர். இத்தகைய மின்வாய்களை உருவாக்குவதில் காரைக்குடி நிறுவனத்தார் பணி குறிப்பிடத்தக்கது. தகடு கரையாதாகலின் மின்சாரத்தின் ஆற்றல் நீரில் உள்ள பொருளின்மேல் செல்கிறது. நீரில் உப்பு இருக்குமாயின் அதன் குளோரைடு, குளோரினாக மாறி நீரோடு கலந்து, நாம் கிணற்றில் இடும் சலவைத்தூள் தரும் அதே கிருமிநாசினியை அங்கேயே உண்டாக்குகிறது. அது நுண்ணுயிர்களைக் கொல்லும். சாயத்தின் மூலக்கூறுகளைச் சிதைத்து நிறத்தை நீக்கும். கடலோர மின்நிலையங்கள் பலவற்றில், குளிர்விக்கும் குழாய்களில் பாசியும் சிப்பியும் பற்றாதிருக்கக் கடல்நீரையே இவ்வாறு மின்னாற்பகுத்து அம்மருந்தைப் பெறுகின்றனர்.

இம்முறை நம் ஊருக்கு நெருங்கியது. சங்கரன்கோவில் விசைத்தறிகளுக்கும் பருத்திச் சேலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். தறியேறும் வண்ண நூல் யாவும் எங்கோ ஒரு சாயத்தொட்டியில் முங்கி எழுந்ததே. பருத்தி நூலில் வினைபுரி சாயங்கள் நன்கு பற்றும்பொருட்டு, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பல பத்து கிராம் வரை உப்பு சேர்ப்பர். நூல் சாயத்தை ஏற்கும், உப்பை ஏற்பதில்லை. இட்ட உப்பு ஏறக்குறைய முழுமையும், பற்றாத சாயத்தோடு கழிவுநீரில் வெளியேறுகிறது. அவ்வுப்பே மின்சாரம் பாய்வதற்குத் துணையாதலின், சாயநீரின் நிறத்தை மின்சாரத்தால் நீக்குதல் எளிது. செந்நீரும் நீலநீரும் நம் கண்முன்னரே வெளுத்துவிடும்.

ஈண்டுதான் விழிப்பு வேண்டும். நிறம் நீங்கியது, உப்பு நீங்கவில்லை. நிறமுள்ள கழிவுநீர் ஓடையில் வந்தால் உழவர் கண்டு குரலெழுப்புவர். நிறமற்ற உப்புநீர் வந்தால் யாரும் காணார், கிணறுதான் காணும். அன்றியும், குளோரின் சாயத்தோடு வினைபுரியும்போது தீமை பயக்கும் வேறு சேர்மங்கள் தோன்றுவதும் உண்டு. ஆகவே, வெளுத்தது யாவும் தூயது எனக் கொள்ளுதல் தகாது. சோதித்த பின்னரே அவ்வாறு கூறுதல் பொருந்தும்.

நன்மை: மின்சவ்வூடு பிரிப்பு

உப்பையே நீக்க வல்லது மூன்றாம் முறை. எலக்ட்ரோ டயாலிசிஸ் என வழங்கும் இதனை மின்சவ்வூடு பிரிப்பு எனலாம். சிறுநீரகம் பழுதுற்றோர்க்குச் செய்யும் டயாலிசிசை யாவரும் அறிவர். அங்கே குருதியின் கழிவு ஒரு சவ்வின் வழியே பிரிகிறது. இங்கே நீரின் உப்பு, மின்சாரத்தால் இழுக்கப்பட்டுச் சவ்வின் வழியே பிரிகிறது.

இருவகைச் சவ்வுகள் இதற்கு வேண்டும். ஒன்று நேர் அயனிகளை மட்டும் போகவிடும். மற்றொன்று எதிர் அயனிகளை மட்டும் போகவிடும். இவற்றை மாறிமாறி அடுக்கி, இடையிடையே உப்புநீரை ஓடவிட்டு, அடுக்கின் இரு கோடியிலும் மின்வாய்களை வைப்பர். மின்சாரம் பாய்ந்ததும் ஓர் அறையின் அயனிகள் இருபுறமும் வெளியேறி அடுத்த அறைகளுக்குச் செல்லும்; ஆங்கிருந்து மேற்செல்ல இயலாதவாறு எதிர்ப்படும் சவ்வு தடுத்துவிடும். இவ்வாறு ஓர் அறையில் நன்னீரும் அடுத்த அறையில் மிகு உவர்நீருமாக மாறிமாறி அமையும். 1950-ஆம் ஆண்டையொட்டித் தக்க சவ்வுகள் உருவான பின்னர் இம்முறை நடைமுறைக்கு வந்தது.

இனி ஒரு கணக்கைக் காண்போம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீரில் கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருத்தல் ஏற்புடையது என்றும், வேறு நீர் கிட்டாவிடத்து 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் வகுத்துள்ளது. ஓர் உப்புக் கிணற்றின் நீர் 2,000 அளவில் இருப்பதாகக் கொள்வோம். அதனை 500 ஆக்குவதற்கு 1,000 லிட்டரில் ஒன்றரைக் கிலோ உப்பை நீக்க வேண்டும். அதனை முழுதும் சமையல் உப்பாகவே கருதினால், பாரடே விதிப்படி ஏறத்தாழ 690 ஆம்பியர்-மணி மின்னோட்டம் தேவை. ஒவ்வோர் இணை அறைக்கும் அரை வோல்ட்டு எனக் கொண்டால் மூன்றிலொரு பங்கு யூனிட்டே ஆகும். நீரேற்றும் செலவும் இழப்புகளும் சேர்ந்தால் இது கூடும், ஆயினும் தாங்கத்தக்கதே.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதே கணக்கின்படி 1,000 லிட்டர் கடல்நீரை நன்னீராக்க ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரம் வேண்டும். எதிர்ச்சவ்வூடு பரவல், அதாவது மக்கள் 'ஆர்.ஓ.' என்று வழங்கும் முறையில் இன்று 3 முதல் 4 யூனிட்டில் அப்பணி முடிந்துவிடுகிறது.

இவ்வேறுபாட்டின் காரணம் நுட்பமானது. மின்சவ்வூடு பிரிப்பு நீரினின்று உப்பை வெளியே இழுக்கிறது. எதிர்ச்சவ்வூடு பரவல் பேரழுத்தம் கொடுத்து உப்பினின்று நீரை வெளியே பிழிகிறது. உப்புக் குறைவாயின் உப்பை இழுப்பது எளிது. உப்பு மிகுதியாயின் நீரைப் பிழிவதே சிக்கனம். நெல்லில் கல் சிலவே ஆயின் கல்லைப் பொறுக்குவோம்; கற்குவியலில் நெல் சிந்தியிருந்தால் நெல்லைப் பொறுக்குவோம். அவ்வகையினதே இதுவும். ஆகவே, உவர்ப்புக் கிணறுகள் மிகுந்த உள்நாட்டுப் பகுதிகளுக்கு மின்முறை பொருந்தும். கடற்கரைக்கு அழுத்தமுறை பொருந்தும்.

கடல்நீரும் தமிழகமும்

சென்னைப் பெருநகருக்கு மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டிலும், நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டிலும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரும் நிலையங்கள் தொடங்கப்பெற்றன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் நிலையம் ஒன்றும் சேர்ந்தது. இவை யாவும் எதிர்ச்சவ்வூடு பரவல் முறையின. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தைக் கொண்டு நீரைக் காய்ச்சி வடிக்கும் முறையும் சவ்வு முறையும் இணைந்து, நாள்தோறும் 63 இலட்சம் லிட்டர் நீர் பெறும் வகையில் நிலையம் அமைக்கப்பட்டது. இலட்சத்தீவின் கவரத்தியில் 2005-ஆம் ஆண்டு, கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டையே பயன்படுத்தி நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தைச் சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் நிறுவினர்.

மின்சவ்வூடு பிரிப்பைக் கடல்நீரில் பயன்படுத்துவோர் இல்லையோ எனின், உளர். சப்பானியர் 1970-களிலிருந்து கடல்நீரை இம்முறையால் செறிவாக்கி உணவு உப்பு எடுத்து வருகின்றனர். அவர்களுக்கு வேண்டியது நன்னீரன்று. நன்னீர் பிரிந்தபின் எஞ்சும் மிகு உவர்நீரே. மழையும் குளிரும் மிக்க அந்நாட்டில் மின்சாரம் செய்யும் பணியைத் தூத்துக்குடி உப்பளங்களில் கதிரவன் செய்கிறான். ஒருவர்க்கு எச்சமாவது பிறிதொருவர்க்குப் பயனாகும் என்பதற்கு இது சான்று.

எச்சம்

இலக்கணத்தில் எச்சம் என ஒன்று உண்டு. 'வந்த' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்போர் நிறைவடையார். வந்தவர் யார் என்னும் வினா எழும். 'வந்து' என்று நிறுத்தினால் வந்து என்ன செய்தார் என்னும் வினா எழும். பெயரெச்சமாயினும் வினையெச்சமாயினும் முடிக்குஞ்சொல்லை வேண்டியே நிற்கும். நீரைத் தூய்மை செய்தலிலும் இவ்விதி பொருந்தும். மின்திரட்டலில் கசடு எஞ்சும். மின்சவ்வூடு பிரிப்பில் மிகு உவர்நீர் எஞ்சும். எதிர்ச்சவ்வூடு பரவலிலும் அவ்வாறே. அழுக்கு பெரும்பாலும் அழிவதில்லை. ஓரிடத்தினின்று பிறிதோரிடத்திற்குச் செல்கிறது. அவ்வெச்சத்திற்கு முடிவு யாது என்று கேளாத வரையில் எந்த முறையும் முற்றுப்பெற்றதாகாது.

திருப்பூர் இதற்கு ஒரு பாடம். சாயக்கழிவால் நொய்யல் ஆறும் அதன் கரையோர வேளாண்மையும் கெட்டன. உழவர் தொடுத்த வழக்குகளின் முடிவில், 2011-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு ஆணையிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன, பல்லாயிரவர் வேலையிழந்தனர். பின்னர்ச் சொட்டுக் கழிவும் வெளியேறாத முறையை மேற்கொண்ட ஆலைகளே படிப்படியாகத் திறக்கப்பட்டன. அம்முறையில் நீரைச் சவ்வுகளால் பிரித்தெடுத்து, எஞ்சிய உவர்நீரைக் காய்ச்சி உப்பையும் மீட்கின்றனர். செலவு மிகுதிதான். ஆயினும் அச்செலவு முன்னரும் இருந்தது. அதனை உழவரின் கிணறுகள் செலுத்திக்கொண்டிருந்தன.

தோல் தொழிலை நினைவுகூராமல் இப்பகுதியை முடித்தல் இயலாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் அத்தொழிலை வளர்த்ததில் நம் சமுதாயத்தார்க்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வருவாயால் பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உண்டு உடுத்தன. அதே தொழிலின் கழிவு பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரைக் கெடுத்தது என்பதும் மறுக்கவியலாத உண்மை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியது.

அத்தீர்ப்புக்குப் பின்னரும் எச்சம் முடிவுபெறவில்லை. 2015-ஆம் ஆண்டு சனவரி 31-ஆம் நாள், இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் அச்சேற்றில் அகப்பட்டு உயிர் நீத்தனர். அவர்களுட் பலர் பிழைப்புத் தேடி வங்கத்தினின்று வந்தவர். நீரைத் தூய்மை செய்வதற்கென்றே அமைந்த நிலையத்தில், தூய்மை செய்தபின் எஞ்சிய பொருளால் நேர்ந்த சாவு அது. எச்சத்தை எங்கே கொண்டு சேர்ப்பது என்னும் வினாவுக்கு விடை காணாமையின் விலை பத்து உயிர். மின்வேதியியல் எவ்வளவு முன்னேறினும் இவ்வினாவைத் தானே கேட்டுக்கொள்ளாது. மனிதர்தாம் கேட்டல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

பெரிய நிலையங்கள் அமைத்தல் அரசின் பணி. நம் நிலையில் நின்று செய்யத்தக்கனவும் சில உள.

முதலாவது, கருவி வாங்குமுன் நீரைச் சோதித்தல். கரைந்த உப்பின் அளவை அறியாமல் எந்த முறையையும் தேர்ந்தெடுத்தல், நோய் அறியாமல் மருந்து உண்பது போலாகும். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைந்த உப்புடைய நீருக்கு வீட்டில் எதிர்ச்சவ்வூடு கருவி தேவையில்லை என்பதால், அத்தகைய இடங்களில் அதனைத் தடைசெய்ய விதி வகுக்குமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ஆம் ஆண்டு மே மாதத்தில் நடுவண் அமைச்சகத்தைப் பணித்தது. காய்ச்சி ஆறவைத்தலே போதுமான நீரை, கருவியில் ஊற்றி முக்கால் பங்கை வீணாக்குதல் தகுமா என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, கருவி இன்றியமையாத இடங்களில் அதன் கழிவுநீரைச் சாக்கடையில் விடாமை. பல வீட்டுக் கருவிகளில் நான்கு குடம் ஊற்றினால் ஒரு குடமே நன்னீராக வரும். எஞ்சிய மூன்று குடத்தைத் தரை கழுவவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். உப்பு மிகுந்தால் செடிகளுக்கு ஊற்றுதல் கூடாது.

மூன்றாவது, பள்ளிவாசல்களில் ஒளுச் செய்த நீர். நாள்தோறும் ஐந்து வேளை வழிந்தோடும் அந்நீரில் எண்ணெயோ சாயமோ மலக்கழிவோ இல்லை. அதனைத் தெளியவைக்க மின்சாரமும் வேண்டா. மணலும் சரளையும் நிரப்பிய ஒரு தொட்டி போதும். அவ்வாறு வடித்த நீரால் ஒரு தென்னந்தோப்பையே வளர்க்கலாம். பெரியோர்கள் மனம் வைத்தால் ஒரு கோடைக்குள் செய்து முடிக்கத்தக்க பணி இது.

நான்காவது, மாணவர்க்கு உரியது. தம் ஊரில் சாயப்பட்டறையோ தோல் பதனிடும் இடமோ இருப்பின், சென்று கண்டு, நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, கசடு எங்கே குவிகிறது என எழுதி வருதல் வேண்டும். அறிவியல் மாணவர் அளவைகளைத் தரலாம். தமிழ் மாணவர் அதனை ஊரார் அறியும் மொழியில் எழுதலாம். இருவரும் சேர்ந்தாலன்றி அவ்வறிக்கை முழுமை பெறாது.

முடிவுரை

மின்திரட்டல் தெளிவைத் தருகிறது. மின்னாக்சிசனேற்றம் தூய்மைக்குத் துணை செய்கிறது. மின்சவ்வூடு பிரிப்பு உவர்ப்பை நீக்கி நன்னீர் தருகிறது. ஒன்றன் பணியை மற்றொன்றிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. இன்ன நீருக்கு இன்ன முறை என்று அறிந்து தேர்தலே அறிவுடைமை. இம்மூன்று முறைகளும் மின்சாரத்தைச் செலவிடுகின்றன என்பதையும், எச்சத்தை விட்டுச் செல்கின்றன என்பதையும் மறத்தல் கூடாது. கெட்டபின் தூய்மை செய்வதினும் கெடாமற் காப்பதே எளிது, செலவும் குறைவு. ஊரணியில் தேங்கும் மழைநீரைப் பிரித்தெடுக்க எந்தச் சவ்வும் வேண்டா.

தண்ணீரைத் தெளியவைக்கும் அறிவு காரைக்குடியிலும் பாவ்நகரிலும் ஆய்வுக்கூடங்களில் உள்ளது. எஞ்சியதை என்செய்தாய் என்று கேட்கும் துணிவு நம் ஊர்களில் இருத்தல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கவும், கிடைக்கும் விடையின் மெய்ம்மையை ஆராயவும் இம்மலரைப் படிக்கும் மாணவர்கள் முன்வருவார்களாக.